அத்தை தந்த பச்சை வளையல்

பாளையங்கோட்டைக்காரர்கள் நகை எடுக்க ஜங்ஷனுக்கோ டவுனுக்கோ போவதென்றால் தாமிரபரணியைத் தாண்ட வேண்டும். தாண்டுவதற்கு இருக்கும் பழைய வழி, 1843-ல் திறக்கப்பட்ட சுலோச்சன முதலியார் பாலம். கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்த முதலியார் தன் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டியது. அந்தச் செலவில் அவர் மனைவியின் நகைகளும் சேர்ந்தன என்று ஊரில் சொல்வார்கள்.

நெல்லைச் சீமையில் யாருக்கும் அந்தக் கதையை நம்புவதில் சிரமம் இல்லை. நகை என்றால் அவசரத்துக்குப் பணமாகும் பொருள். பிள்ளையின் கல்லூரிக் கட்டணம், ஆஸ்பத்திரிச் செலவு, வீட்டுக்குக் கூரை என்று எத்தனையோ வேலைக்குக் கழுத்திலும் கையிலும் கிடந்த தங்கம் இறங்கியிருக்கிறது. ஆற்றுக்குக் குறுக்கே பாலமாகவும் இறங்கியிருக்கலாம்.

அதே நம்பிக்கையோடு பச்சைக் கல் வளையல் வாங்கப் போகும்போதுதான் சறுக்குகிறது.

மகாராஜ நகர் பக்கம் ஒரு வீட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வீடு கற்பனைதான். ஆனால் அதில் இருக்கும் வளையல் பல வீடுகளில் இருக்கிறது. மலேசியாவில் ஈப்போவில் வாழும் மகள் ஒரு கல்யாணத்துக்கு ஊருக்கு வந்தபோது ஆச்சிக்கு ஒரு பச்சை வளையல் கொண்டுவந்தாள். “ஜேடும்மா. கையில கிடந்தா உடம்புக்கு நல்லது” என்று அவளே மாட்டிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து ஆச்சி அதைக் கழற்றவில்லை.

இப்போது பெரிய பேத்திக்குத் தையில் கல்யாணம். மருமகளின் போனில் ஒரு நேரலை விற்பனை ஓடிக்கொண்டிருக்கிறது. அதே பச்சையில் ஒரு வளையல். ‘பர்மா ஜேடு, ஏ கிரேடு, சர்ட்டிபிகேட்டோடு’ என்கிறார் விற்பவர். விலை 28,000 ரூபாய். சீட்டுப் பணம் நேற்றுத்தான் கைக்கு வந்தது.

“மதினி கொண்டுவந்த மாதிரியே இருக்கு அத்தை. பெரியவளுக்கு ஒண்ணு எடுத்துருவோமா? ராத்திரிக்குள்ள பணம் போட்டாத்தான் இந்த விலையாம்.”

“ராத்திரிக்குள்ளன்னு அவசரப்படுத்துதானா? அப்ப காலையில பாத்துக்கிடலாம்” என்றாள் ஆச்சி.

அந்த ஒரு ராத்திரிக்குள் தெரிந்துகொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது.

ஜேடு என்பது ஒரு கல் அல்ல

தங்கம் ஒரே உலோகம். ஜேடு அப்படி இல்லை. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு கற்களுக்கு உலகம் முழுக்க இந்த ஒரே பெயர்தான் வழங்குகிறது. ஒன்று ஜேடைட். மற்றது நெஃப்ரைட். பார்வைக்கு இரண்டும் நெருங்கி வரும். உள்ளே இருக்கும் தாதுக்கள் வேறு. இரண்டும் வேறு என்று 1863-ல் பிரித்துச் சொன்னவர் பிரெஞ்சு வேதியியலாளர் அலெக்சி தாமூர்.

இரண்டில் விலை உச்சிக்குப் போவது ஜேடைட்தான். அதிலும் மியான்மரின் கச்சின் மாநிலத்தில் உள்ள பகாந்த் சுரங்கப் பகுதியிலிருந்து வரும் நல்ல பச்சைக்குத்தான் மவுசு. 2014 ஏப்ரலில் ஹாங்காங்கில் நடந்த சாதபீஸ் ஏலத்தில், 27 ஜேடைட் மணிகள் கோத்த ஒரு மாலை 2 கோடியே 70 லட்சம் டாலருக்கும் மேல் விலை போனது. ‘பர்மா ஜேடு’ என்ற சொல்லை விற்பனையாளர்கள் இறுகப் பிடித்துக்கொள்வதற்கு இதுதான் காரணம். அந்தச் சொல்லுக்குப் பின்னால் இன்னொரு கணக்கும் உண்டு. 2020 ஜூலை 2-ம் தேதி அதே பகாந்தில் சுரங்க மண்மேடு சரிந்து 160-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கழிவு மண்ணில் கல் பொறுக்கப் போன ஏழைகளே அதில் அதிகம்.

தமிழில் இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. நம் ஊரில் பச்சையாக இருக்கும் கல்லெல்லாம் ‘பச்சைக்கல்’. மரகதத்தையும் அப்படித்தான் சொல்கிறோம். மரகதம் முற்றிலும் வேறு கல். நவரத்தினத்தில் சேர்வது அதுதான். புதனுக்குரியது என்று ஜோதிடம் சொல்வதும் அதைத்தான். புதனுக்கு மரகதம் கேட்டுப் போனவருக்கு ஜேடு மோதிரம் கிடைப்பதும், ஜேடு கேட்டுப் போனவருக்கு அதுவும் அல்லாத ஒன்று கிடைப்பதும் இந்த ஒரே சொல்லால் நடக்கிறது. நம்பிக்கை அவரவர் உரிமை. ஆனால் நம்பிக்கைக்காகக் கொடுக்கும் பணத்துக்கும் பில் வேண்டும். அந்தப் பில்லில் ‘பச்சைக்கல்’ என்று இருந்தால் போதாது.

ஊர் பெயர் ஒட்டிய ஜேடு

ஜேடு என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு நாட்டின் பெயரோ ‘புது’ என்ற அடைமொழியோ வந்தால் அங்கேயே ஒரு நிமிடம் நிற்க வேண்டும்.

‘மலேசியா ஜேடு’ என்று விற்கப்படுவது பெரும்பாலும் சாயம் ஏற்றிய குவார்ட்சைட். குவார்ட்ஸ் மணிகள் நெருக்கமாக இறுகிய பாறை அது. வெள்ளையாக இருக்கும் கல்லைச் சாயத்தில் ஊறவைத்தால் மணிகளுக்கு இடையே பச்சை இறங்கிவிடும். ‘இந்திய ஜேடு’ என்பது அவென்ச்சுரின். அதுவும் குவார்ட்ஸ் இனம்தான். உள்ளே மைக்காத் துகள்கள் மினுங்கும். ‘ஆஸ்திரேலியா ஜேடு’ என்றால் கிரிசோபிரேஸ். ‘டிரான்ஸ்வால் ஜேடு’ ஒரு வகை கார்னெட். ‘புது ஜேடு’ என்பது செர்பென்டைன். அது மென்மையான கல், எளிதில் கீறல் விழும்.

இவற்றில் எதுவும் கெட்ட கல் அல்ல. அவென்ச்சுரின் மாலை அழகாகவே இருக்கும். அவென்ச்சுரின் விலைக்கு வாங்கினால் யாருக்கும் நஷ்டமில்லை. ஜேடைட் விலைக்கு வாங்கினால்தான் நஷ்டம்.

விற்பவர் எல்லோரும் பொய் சொல்கிறார்கள் என்றும் இல்லை. சீன மொழியில் ‘யூ’ என்ற சொல் நெஃப்ரைட்டிலிருந்து செர்பென்டைன், குவார்ட்சைட் வரை பல கற்களைக் குறிக்கும். அதை ஆங்கிலத்தில் ஜேடு என்று மாற்றி, அந்த ஆங்கிலத்தை நம் கடைக்காரர் அப்படியே வாங்கிச் சொல்லியிருக்கலாம். பெயர் மூன்று கை மாறி வரும்போது விலையும் கூடவே ஏறிவிடுகிறது.

ஏ கிரேடு வேறு, ஏ வகை வேறு

உண்மையான ஜேடைட்டாகவே இருந்தாலும் அடுத்த கேள்வி, அதற்கு என்ன செய்திருக்கிறார்கள் என்பது. இதற்கு வணிகத்தில் எழுத்துகள் உண்டு.

ஏ வகை என்றால் அறுத்து, மெருகேற்றி, மேலே மெழுகு மட்டும் பூசிய கல். பி வகை என்றால் அமிலத்தில் போட்டு உள்ளிருக்கும் பழுப்புக் கறைகளை எடுத்துவிட்டு, அதனால் விழுந்த நுண்துளைகளில் பிசின் ஏற்றிய கல். வாங்கும் அன்று கண்ணாடி போலப் பளபளக்கும். சில வருடத்தில் பிசின் மங்கலாம், கல்லும் பலம் குறைந்திருக்கும். சி வகை என்றால் சாயம் ஏற்றியது. பி, சி இரண்டும் சேர்ந்ததும் சந்தையில் நிறைய உண்டு.

கவனிக்க வேண்டியது, இந்த எழுத்துகள் அழகுக்குப் போடும் மார்க் அல்ல. ஏ வகையிலேயே சோபை இல்லாத, மலிவான கல்லும் இருக்கிறது. கல்லுக்கு எதுவும் செய்யவில்லை என்பதை மட்டும்தான் ‘ஏ’ சொல்கிறது.

‘ஏ கிரேடு’ என்பதோ விற்பவர் தன் சரக்குக்குத் தானே கொடுத்துக்கொள்ளும் பாராட்டு. சாயம் போட்ட குவார்ட்சைட்டைக்கூட அவர் ஏ கிரேடு என்று சொல்லலாம், சட்டப்படி பொய் என்று பிடிப்பதும் கஷ்டம். ‘நேச்சுரல் ஸ்டோன்’ என்ற சொல்லும் அப்படித்தான். பூமியிலிருந்து வெட்டி எடுத்த எந்தக் கல்லும் இயற்கைக் கல்தான். ஆற்றங்கரைக் கூழாங்கல்லும் இயற்கைக் கல்தான்.

ஹால்மார்க் கல்லுக்குக் காவல் இல்லை

“ஹால்மார்க் நகைதான், பயமில்லை” என்ற பேச்சு எல்லா நகைக்கடையிலும் கேட்கும். தங்கத்துக்கு அது சரி. 2023 ஏப்ரல் 1 முதல், ஹால்மார்க் கட்டாயமான இடங்களில் 6 இலக்க ஹெச்.யு.ஐ.டி. எண் பொறித்த தங்க நகையைத்தான் விற்க முடியும். அந்த எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் எத்தனை காரட், எந்த மையத்தில் சோதித்தது என்று வந்துவிடும்.

ஆனால் அந்த முத்திரை தங்கத்தின் தரத்தை மட்டுமே சொல்கிறது. அதில் பதித்த பச்சைக் கல் ஜேடைட்டா, கண்ணாடியா என்பதைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்லாது. 22 காரட் தங்கத்தில் கண்ணாடிக் கல் பதித்தாலும் ஹால்மார்க் கிடைக்கும்.

இதில் எடை விஷயமும் உண்டு. கல்லை காரட்டில் நிறுப்பார்கள். 5 காரட் என்றால் 1 கிராம். கல் பதித்த மோதிரத்தை மொத்தமாகத் தராசில் வைத்து, கல் எடையைக் கழிக்காமல் விலை போட்டால், அந்த 1 கிராம் கல்லுக்குத் தங்கத்தின் விலையைக் கொடுத்ததாக ஆகும். சேதாரமும் செய்கூலியும் அதன் மேல் தனியாக ஏறும். அதனால் மொத்த எடை, கல் எடை, தங்கத்தின் நிகர எடை மூன்றும் பில்லில் தனித்தனியாக இருக்க வேண்டும். கல்லின் விலை வேறு வரியில் இருக்க வேண்டும்.

மோதிரமோ பதக்கமோ என்றால் கல்லின் பின்பக்கத்தையும் பார்க்க வேண்டும். அடைத்துக் கட்டிய கட்டடத்தில் மெல்லிய கல்லுக்கு அடியில் பச்சைத் தாள் வைத்து நிறம் கூட்ட முடியும். பின்பக்கம் திறந்த கட்டடத்தில் அது நடக்காது.

அடகு வைக்கும்போதும் இந்த உண்மை முகத்தில் அடிக்கும். நகைக்கடனுக்கு மதிப்புப் போடும்போது தங்கத்தின் மதிப்பு மட்டும்தான் கணக்கு, கல்லின் மதிப்பைச் சேர்க்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. 28,000 ரூபாய் கொடுத்து வாங்கிய வளையலை, அது அசல் ஜேடைட்டாகவே இருந்தாலும், வங்கியில் நீட்டினால் ஒரு ரூபாய் கடன் வராது. பிடித்திருக்கிறது, அழகுக்காக வாங்குகிறோம் என்றால் வாங்கலாம். சேமிப்பு என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம் நிச்சயம்.

நெருப்பும் ஊசியும் வேண்டாம்

போனில் ஜேடு சோதனை என்று தேடினால் விதவிதமான வித்தைகள் வரும். கன்னத்தில் வைத்தால் குளிர வேண்டும் என்பார்கள். குவார்ட்ஸும் குளிரும், கண்ணாடியும் குளிரும். கண்ணாடியைக் கீறினால் ஜேடு என்பார்கள். குவார்ட்ஸும் கண்ணாடியைக் கீறும். கீறிப் பார்த்ததில் நல்ல வளையலின் விளிம்பு போனதுதான் மிச்சம். தலைமுடியைச் சுற்றித் தீக்குச்சி வைப்பது, ஊசியைக் காய்ச்சிக் குத்துவது எல்லாம் நல்ல கல்லையும் கெடுக்கும். இரண்டு வளையலைத் தட்டி மணிச் சத்தம் கேட்பது அனுபவசாலிகள் செய்வது. அதை வைத்து மட்டும் அவர்களும் முடிவு சொல்வதில்லை.

வீட்டில் செய்யக்கூடிய, கல்லுக்குச் சேதமில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் படித்த அடர்த்திதான் அது. 0.1 கிராம் காட்டும் சிறிய எலெக்ட்ரானிக் தராசு வேண்டும். முழுக்கக் கல்லாலான, தங்கப் பூண் இல்லாத வளையலாக இருக்க வேண்டும்.

முதலில் வளையலை நிறுத்து எடையைக் குறிக்க வேண்டும். பிறகு தராசில் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்து, எண்ணைப் பூஜ்ஜியமாக்க வேண்டும். வளையலை நூலில் கட்டி, கையில் பிடித்தபடி, அடியிலும் ஓரத்திலும் தொடாமல் தண்ணீருக்குள் முழுதாக இறக்க வேண்டும். காற்றுக் குமிழ் ஒட்டியிருந்தால் உதறிவிட வேண்டும். இப்போது தராசு காட்டும் எண்ணால் முதலில் குறித்த எடையை வகுத்தால் வருவது அடர்த்தி.

ஜேடைட்டுக்கு அது 3.3 பக்கம் வரும். நெஃப்ரைட்டுக்கு 2.9, 3.0. குவார்ட்ஸ் இனத்துக்கு 2.65.

மகாராஜ நகர் வீட்டில் இளைய பேத்தி இயற்பியல் படிக்கிறாள். சோப்பு நுரை போட்டு ஆச்சியின் கையிலிருந்து வளையலைக் கழற்றினாள். எடை 53 கிராம். ஜேடைட் என்றால் தண்ணீரில் 16 காட்ட வேண்டும், நெஃப்ரைட் என்றால் 18. தராசு 20-ல் நின்றது. இன்னொரு தடவை செய்தாள். மறுபடியும் 20. வகுத்தால் 2.65.

“என்ன சொல்லுது?” என்று கேட்டாள் ஆச்சி. பேத்தி தாயின் முகத்தைப் பார்த்தாள்.

இந்தச் சோதனையின் எல்லையையும் தெரிந்துகொள்ள வேண்டும். ‘இது ஜேடு இல்லை’ என்று அது சொன்னால் நம்பலாம். ‘ஜேடுதான்’ என்று உறுதி சொல்ல அதனால் முடியாது. அதே அடர்த்தியுள்ள வேறு பச்சைக் கற்கள் இருக்கின்றன. சாயத்தையும் பிசினையும் தராசு காட்டிக்கொடுக்காது. 10 மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸில் பார்த்தால் சில நேரம் தெரியும். சாயம் ஏறிய கல்லில் பச்சை, வலைப்பின்னல் போலக் கோடுகளில் தேங்கியிருக்கும். கண்ணாடியில் உருண்டையான காற்றுக் குமிழ்கள் இருக்கும். பிசின் ஏறியதா என்பதை ஆய்வகத்தில் அகச்சிவப்பு நிறமாலைக் கருவிதான் உறுதியாகச் சொல்லும்.

உடைக்காமல் உள்ளே பார்க்க

நகையின் உள்ளே இருப்பது என்ன என்ற கேள்வி தமிழர்களுக்குப் புதிதில்லை. சிலப்பதிகாரத்தின் வழக்கே அதுதான். அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். உடைத்துப் பார்த்த பிறகுதான் உண்மை தெரிந்தது. அதற்குள் ஓர் உயிர் போய்விட்டது. அதே காப்பியம் மதுரையின் ரத்தினக் கடைத்தெருவை வர்ணிக்கும்போது கற்களின் குற்றங்களையும் குணங்களையும் வரிசையாகச் சொல்கிறது. கல்லின் குறை அறிந்து விற்பதும் வாங்குவதும் அந்தக் காலத்திலேயே ஒரு கலை.

இன்று உடைக்க வேண்டியதில்லை, ஆய்வகச் சான்று இருக்கிறது. ஜெய்ப்பூரில் நகை, ரத்தின ஏற்றுமதி மேம்பாட்டு மன்றத்தின் ஆய்வகம் 1972-ல் தொடங்கியது. மும்பை போன்ற நகரங்களிலும் ஆய்வகங்கள் உண்டு. ஆனால் லேமினேட் செய்த அட்டை எல்லாம் சான்று ஆகிவிடாது.

சான்றில் முதலில் பார்க்க வேண்டியது கல்லின் பெயர். வெறும் ‘ஜேடு’ என்று இருந்தால் போதாது. ஜேடைட் அல்லது நெஃப்ரைட் என்று தெளிவாக இருக்க வேண்டும். அடுத்தது, கல்லுக்கு என்ன செய்யப்பட்டிருக்கிறது என்ற குறிப்பு. பிறகு எடை, அளவு, படம். இவை கையில் இருக்கும் வளையலோடு பொருந்த வேண்டும். கடைசியாகச் சான்று எண். அட்டையில் இருக்கும் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து திருப்திப்பட்டுவிடக் கூடாது, அது போலித் தளத்துக்கும் போகலாம். ஆய்வகத்தின் இணையதள முகவரியைத் தனியாகத் தேடி, அங்கே போய் எண்ணைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

மலிவான வளையலுக்குச் சான்று வாங்குவது, வளையலை விடச் செலவாகலாம். அப்போது சான்று தேவையில்லை. மலிவு விலைக்கு மலிவான கல் என்று தெரிந்தே வாங்கிக்கொள்ளலாம். பெரிய தொகை என்றால் சான்று வந்த பிறகு முழுப் பணம் என்பதே ஒழுங்கு.

கைக்கு வரும் முன்

வளையலாக வாங்கும்போது வேறு சில விஷயங்களும் இருக்கின்றன. கல் வளையலைத் தங்க வளையல் போலப் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ முடியாது. உள்விட்டத்தை மில்லிமீட்டரில் கேட்டு, கைக்குச் சரியாக வரும் ஒரு பழைய வளையலோடு ஒப்பிட வேண்டும். போன் டார்ச்சை அடியில் வைத்துச் சுற்றிலும் பார்க்க வேண்டும். கோடு தெரிந்தால் நகத்தால் மெல்லத் தடவிப் பார்க்கலாம். நகம் தட்டினால் அது விரிசலாக இருக்க வாய்ப்பு அதிகம்.

வளையலில் அங்கங்கே தங்கப் பூண் போட்டிருந்தால் அது அலங்காரமா, உடைந்ததை ஒட்டவைத்த இடமா என்று நேராகக் கேட்க வேண்டும். கேட்பதில் வெட்கமில்லை.

வாங்கிய பிறகு மெல்லிய சோப்புத் தண்ணீரும் பருத்தித் துணியும் போதும். பிளீச்சிங், ஆசிட் பக்கம் கொண்டுபோகக் கூடாது. நகைக்கடையின் அதிர்வுக் கழுவல் இயந்திரத்திலும் போடாமல் இருப்பது நல்லது. நெஃப்ரைட்டும் ஜேடைட்டும் லேசில் உடையாத கற்கள்தான். அதற்காக டைல்ஸ் தரையில் போட்டுப் பார்க்க வேண்டாம்.

பழையதை எறியாதீர்கள்

இதற்கு நேர் எதிரான தவறு ஒன்றும் நடக்கிறது. 1962-க்குப் பிறகு பர்மாவிலிருந்து ஏராளமான தமிழ்க் குடும்பங்கள் சொத்தை விட்டுவிட்டு ஊர் திரும்பின. அப்படி வந்தவர்களின் டிரங்குப் பெட்டியில் சேலைக்கு நடுவே ஒரு பழைய பச்சை வளையல் கிடக்கலாம். மங்கலாக, கறை படிந்து, பார்க்க ஒன்றுமில்லாததாக இருக்கும். புதிதாகப் பளபளக்கும் வளையலைப் பார்த்த கண்ணுக்கு அது கண்ணாடி போலத் தோன்றும். பெட்டியைக் காலி செய்யும் அவசரத்தில் அது பழைய சாமான் வண்டிக்குப் போய்விடும்.

அமிலமும் பிசினும் ஏற்றும் வேலை சந்தையில் பரவியது 1980-களில். அதற்கு முன்பே வீட்டில் இருந்த வளையலில் பிசினுக்கு வாய்ப்புக் குறைவு. எறிவதற்கு முன் ஒரு தடவை தண்ணீரில் இறக்கி நிறுத்துப் பாருங்கள். 3.3 வந்தால் ஆய்வகத்துக்கு அனுப்பும் செலவு வீண்போகாது.

ஏமாந்துவிட்டால்

பில் இருந்தால் வழி இருக்கிறது. பொருளின் பெயர், எடை, விலை, விற்றவர் முகவரி உள்ள பில்லும், நேரலையின் ஸ்கிரீன்ஷாட்டும், வாட்ஸ்அப் உரையாடலும், பணம் அனுப்பிய விவரமும் சேர்ந்தால் அது ஆதாரம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் முதலில் புகார் சொல்லலாம். தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக்குக் கட்டணம் கிடையாது. 2 வருடத்துக்குள் போக வேண்டும்.

துண்டுச் சீட்டில் ‘பச்சை வளையல் 1’ என்று மட்டும் எழுதி வாங்கியிருந்தால் ஆணையத்தால் என்ன செய்ய முடியும்? விற்றவர் சொன்னது பச்சை வளையல். கொடுத்ததும் பச்சை வளையல்.

நாலு கேள்வி

அன்று ராத்திரி மகாராஜ நகர் வீட்டிலிருந்து விற்பனையாளருக்கு ஒரு வாட்ஸ்அப் போனது. பேத்தி தட்டச்சு செய்தாள், தாய் சொல்லச் சொல்ல.

இது ஜேடைட்டா, நெஃப்ரைட்டா, வேறு கல்லா? சாயமோ பிசினோ ஏற்றியிருக்கிறதா? எந்த ஆய்வகத்தின் சான்று, எண் என்ன? ஆய்வகத்தில் வேறு கல் என்று வந்தால் முழுப் பணத்தையும் திருப்பித் தருவதாகப் பில்லில் எழுதித் தருவீர்களா?

பதில் உடனே வந்தது. ‘மேடம், ஹண்ட்ரட் பர்சென்ட் நேச்சுரல் ஸ்டோன். லாஸ்ட் டூ பீஸ். சீக்கிரம் சொல்லுங்க.’

கேட்ட நாலு கேள்விக்கும் அதில் பதில் இல்லை. “ஜேடைட்டுன்னு பில்லுல எழுதித் தருவீங்களான்னு மட்டும் இன்னொரு வாட்டி கேளு” என்றாள் தாய். நீல டிக் விழுந்தது. அதோடு சரி.

சீட்டுப் பணம் வங்கியிலேயே இருந்தது. பெரியவளுக்குத் தங்கத்தில் ஒரு ஜோடி கம்மல் எடுப்பது என்று முடிவானது.

மேசையில் ஆச்சியின் வளையல் ஈரத்தோடு கிடந்தது. ஈப்போவில் அத்தை அதற்கு எவ்வளவு கொடுத்தாளோ. போன் பண்ணிக் கேட்கலாமா, சொல்லலாமா என்று தாயும் மகளும் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆச்சிக்குக் காது நன்றாகக் கேட்கும்.

“அவகிட்ட ஒண்ணும் சொல்லாண்டாம்” என்றாள். “அவ எனக்குக் குடுத்தது வளையலு. ஜேடுன்னு சொன்னது கடைக்காரன்லா. இன்னொண்ணு வாங்கப் போறேன்னு அவ சொன்னா அப்பம் சொல்லிக்கிடலாம்.”

சோப்பு நுரையைக் கேட்டு வாங்கி, கையை ஒடுக்கி, வளையலை மறுபடியும் மாட்டிக்கொண்டாள்.